பின்னாலிருந்து வராத காற்று

பினாங்குக் கடலில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் புயலைத் திட்டுவதைவிடக் காற்றில்லாத பொழுதைத் திட்டுவதுதான் அதிகம். காலையில் பட்டர்வொர்த் பக்கமிருந்து கரைக்காற்று கொஞ்சம் அசையும். வெயில் ஏற ஏற அதுவும் படுத்துவிடும். கடற்காற்று எழும்புவதற்கு மதியம் தாண்டிவிடும். இடையில் கடல் எண்ணெய் தடவிய தாம்பாளம்போலக் கிடக்கும். பாதிப் பேர் இன்ஜினைப் போட்டுவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மீதிப் பேர் கீழே குனிந்து, கட்டிலுக்கு அடியில் திணித்து வைத்திருக்கும் பெரிய பையை இழுத்து மேல்தளத்தில் போடுவார்கள். அந்தப் பைக்குள் எந்தப் பாய் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக நடக்கும் சண்டை.

படகு எனக்குச் சொந்தமில்லை. அத்தானுடையது. 36 அடி நீளம். எண்பதுகளில் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டு, பல கை மாறி, இப்போது குடும்பப் படகாகிவிட்டது. அத்தான் ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். அக்காதான் சுக்கான் பிடிப்பாள். அதில் அவளை மிஞ்ச எங்களில் ஆளில்லை. கயிறு இழுப்பது அத்தான். படகின் முனையில் நின்று பாய் ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. ஆகவே எந்தப் பாய் வாங்கினாலும் அதோடு மல்லுக்கட்டப்போவது நான்தான். இந்தக் கட்டுரையில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

படகோடு கூடவே வந்தது ஒரு பழைய ஸ்பின்னேக்கர், அதாவது பின்காற்றில் உப்பி நிற்கும் பெரிய முன்பாய். கிளப்பில் ‘கைட்’ என்பார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும் மெல்லிய நைலான். ஈரத்தோடு மடித்து வைத்த யாரோ ஒருவரின் புண்ணியத்தில் ஆரஞ்சு வெள்ளைக்குள் கசிந்து திட்டுத் திட்டாக நிற்கிறது. இது சமச்சீர் ஸ்பின்னேக்கர். இரு ஓரங்களும் ஒரே நீளம். மேல்முனை பாய்மரத்தின் உச்சிக்குப் போகும். காற்று வரும் பக்கத்துக் கீழ்முனையை ஓர் அலுமினியக் கழி படகுக்கு வெளியே தள்ளிப் பிடித்திருக்கும். மற்றக் கீழ்முனையை ஒரு கயிறு மட்டுமே கட்டுப்படுத்தும். கழியை உயர்த்த ஒரு கயிறு, தாழ்த்த ஒரு கயிறு, பின்னுக்கு இழுக்க ஒரு கயிறு.

இதைச் சரியாக ஓட்டும்போது கிடைக்கும் இன்பமே தனி. கழி காற்றுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இரு கீழ்முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் பாயின் முன்விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மெல்லத் தளர்த்திக்கொண்டே போனால் தோள் உயரத்தில் அந்த விளிம்பு கையகலத்துக்கு உள்பக்கமாகச் சுருளும். உடனே ஒரு பிடி இழுத்தால் விரியும். மறுபடி தளர்த்த வேண்டும். சுருளாமலே நிற்கிறதென்றால் கயிற்றை அதிகமாக இழுத்து வைத்திருக்கிறோம், வேகம் வீணாகிறது என்று அர்த்தம். அத்தான் இந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் பசி தெரியாது, யார் கூப்பிட்டாலும் காது கேட்காது.

சிக்கல் காற்றுப் பக்கத்தை மாற்றும்போது வருகிறது. எங்கள் அளவுப் படகில் கழியை முனை மாற்றிப் போடுவோம். நான் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று, மரத்திலிருக்கும் முனையைக் கழற்றி, புதிய பக்கத்துக் கீழ்முனையில் மாட்டி, பழைய முனையை விடுவித்து மரத்தில் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அந்தச் சில நொடிகள் பாயைத் தாங்குவது கயிறுகள் இரண்டும் அக்காவின் சுக்கானும் மட்டும்தான். அவள் நேர்க்கோடு தவறினால் கழி என் நெஞ்சைப் பதம்பார்க்கும். இந்தப் பாய்க்கு நாலைந்து பழகிய ஆட்கள் வேண்டும். எங்கள் படகில் மூன்று பேர். பள்ளி விடுமுறையில் அக்காவின் மகன் வந்தால் மூன்றரை.

இன்னொரு குணமும் உண்டு. காற்று நேர் பின்னாலிருந்து வலுத்தால் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். கட்டுக்கு மீறினால் காற்றுப் பக்கமாகவே கவிழ்ந்து படுத்துவிடும். எழுபதுகளின் பந்தயக்காரர்கள் இந்த ஆட்டத்தை அடக்க எதிர்ப்பக்கத்தில் ‘ப்ளூப்பர்’ என்ற இன்னொரு பாயையும் பறக்கவிட்டார்கள். பிரச்சினைக்கு மேல் பிரச்சினையைக் கட்டி மிதக்கவைத்த காலம் அது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஏசிமெட்ரிக், அதாவது சமச்சீரற்ற ஸ்பின்னேக்கர். ஆஸ்திரேலியாவில், சிட்னி துறைமுகத்தின் 18 அடி ஸ்கிஃப் படகுகளில், 1980களில் ஜூலியன் பெத்வெய்ட் போன்றவர்கள் கழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முனையிலிருந்து நீளும் கொம்பில் பாயைக் கட்டினார்கள். 1991இல் வந்த ஜே/105 என்ற படகு, உள்ளே இழுத்துக்கொள்ளும் கொம்போடு அதைச் சாதாரணப் படகுக்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பாயில் முன் ஓரம் நீளம், பின் ஓரம் குட்டை. கீழ்முனை ஒன்று படகின் முனையிலேயே நிற்கும். மற்றதற்கு இரண்டு கயிறுகள். பக்கம் மாற்ற ஒன்றை விட்டு மற்றதை இழுத்தால் போதும். கழி இல்லை, நெஞ்சில் இடி இல்லை.

ஆனால் இதை நேர் பின்காற்றில் ஓட்ட முடியாது. மரத்துக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் பெரிய பாயின் நிழலில் மாட்டிக்கொண்டு ஈரத் துணியாகத் தொங்கிவிடும். முனையிலிருக்கும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் பாய் காற்றுப் பக்கமாகச் சுழன்று இன்னும் சில பாகை ஆழமாகப் போகும். அதற்கு மேல் இல்லை. ஆகவே இலக்கு நேர் எதிரே இருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்து போய், பிறகு மறுபக்கம் சாய்ந்து போய்த்தான் சேர வேண்டும்.

“சுற்றிப் போவதற்கா இவ்வளவு பணம்?” என்பது அத்தானின் கேள்வி. நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்று 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), நேர் பின்னால். பழைய ஸ்பின்னேக்கரில் எங்கள் படகு 4 நாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டை விட்டு 35 பாகை விலகி, அதாவது காற்றுக்கு 145 பாகையில் போனால் தூரம் 22 சதவீதம் கூடும். 4.9 நாட்டுக்கு மேல் ஓடினால் லாபம். அவ்வளவு மெல்லிய காற்றில் அந்த வேகம் பெரும்பாலும் கிடைத்துவிடும். காரணம் எளிது. நேராக ஓடும்போது 8 நாட் காற்றிலிருந்து நம் 4 நாட் கழிந்துவிடுகிறது. பாய்க்கு மிஞ்சுவது 4. சாய்ந்து போகும்போது அவ்வளவு கழிவதில்லை. இதே கணக்கு 18 நாட் காற்றில் தலைகீழாகும். நீர்மட்டத்தில் 30 அடி நீளமுள்ள கனத்த படகு எப்படி ஓட்டினாலும் ஏழு நாட்டை ஒட்டித்தான் நிற்கும். சுற்றிப் போனால் சுற்றியதுதான் மிச்சம்.

படகு ஓட்டாதவர்களுக்குப் புரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. நேர் பின்காற்றில் உட்காருமிடத்தில் காற்றே இருக்காது. பினாங்கு வெயிலில், இரண்டு மணிக்கு, அந்த 4 நாட் மிச்சமும் பெரிய பாயில் தடுக்கப்பட்டுவிட, நாங்கள் வெந்துகொண்டிருப்போம். சாய்ந்து ஓடினால் முகத்தில் காற்று படும். அக்கா முதல் நாளே ஏசிமெட்ரிக் கட்சியில் சேர்ந்ததற்கு 22 சதவீதம் காரணமில்லை.

இதெல்லாம் காற்று பின்னாலிருந்து வந்தால். இந்தக் கடலில் அது அப்படி வருவது அபூர்வம் என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை.

நாங்கள் வழக்கமாகப் போகும் நீண்ட பயணம் வடக்கே லங்காவித் தீவுக்கு. ஏறத்தாழ 60 கடல் மைல். போக ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை, வாடைக்காலம். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வரும். தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் கிழக்குக் கரையைப் புரட்டியெடுக்கும் அதே காற்று இங்கே சாதுவாக வந்து சேரும். இப்போது வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். லங்காவியிலிருந்து பினாங்குக்குத் திரும்பும் திசை தென்கிழக்கைவிடச் சற்றே தெற்கு, சுமார் 152 பாகை. வடகிழக்குக் காற்று 45 பாகையிலிருந்து. வித்தியாசம் 107. அதாவது காற்று பக்கவாட்டிலிருந்து, துளி பின்னால் தள்ளி. ஆனால் படகு நகரத் தொடங்கியதும் அதன் சொந்த வேகம் காற்றை முன்னுக்கு இழுத்துவிடும். 8 நாட் காற்றில் 4.5 நாட் ஓடினால், பாய்மர உச்சியில் இருக்கும் காட்டி 74 பாகையைக் காட்டும். பின்காற்றுப் பாய் என்று நினைத்து ஏற்றிய பாய் பக்கக்காற்றுக்கும் முன்னால் வேலை செய்கிறது. நேர் பின்காற்றுக்குத் தைத்த சமச்சீர்ப் பாய் அங்கே கழியை முன்கம்பியில் அழுத்திக்கொண்டு படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும்.

போகும்போது இன்னும் மோசம். அதே காற்று 73 பாகை, உணர்வது 48. இடப்பக்கம் திறந்த கடல், வலப்பக்கம் தொலைவில் 1,217 மீட்டர் உயரக் குனோங் ஜெராய் நகராமல் நிற்கும். எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே நிற்பதுபோலத் தோன்றும். இந்தக் கோணத்துக்கென்றே பிறந்தது கோட் ஜீரோ என்ற பாய். 1997-98 விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தில் பால் கேயார்ட் தலைமையில் வென்ற ஈ.எஃப். லாங்குவேஜ் படகுதான் அதைப் பிரபலமாக்கியது. ஸ்பின்னேக்கர் என்று கணக்கில் ஏற, பாயின் நடு அகலம் அடி அகலத்தில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அளவு விதி. அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் தட்டையாக ஒரு பாயைத் தைத்து, ஜெனோவா என்னும் வழக்கமான முன்பாய்போல ஓட்டினார்கள். பெயரளவில் ஸ்பின்னேக்கர், வேலையில் பெரிய முன்பாய். விதியின் சந்துக்குள் நுழைந்து பிறந்த பொருள் இன்று நீண்ட பயணப் படகுகளில் சர்வசாதாரணம். முன் ஓரத்துக்குள் முறுக்கைக் கடத்தும் தடித்த வடம் ஓடும். அடியிலிருக்கும் உருளையைச் சுற்றினால் பாய் முழுவதும் சுருண்டுகொள்ளும். அந்த வடத்தை விறைப்பாக இழுத்துப் பிடிக்க எங்கள் பழைய மரமும் கம்பிகளும் தாங்குமா என்பதுதான் தயக்கம். காற்று 110 பாகைக்குப் பின்னால் போய்விட்டால் அந்தத் தட்டைப் பாய்க்கு உயிர் குறைந்துவிடும் என்பது இரண்டாவது தயக்கம்.

அத்தான் இதற்கெல்லாம் மசியவில்லை. அவர் மனத்தில் ஓடுவது வேறு வரைபடம். ஜனவரியில் லங்காவியிலிருந்து மேற்கே கிளம்பி, வங்கக் கடலைத் தாண்டி, இலங்கையின் காலித் துறைமுகம் வரை. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025இல் கடாரத்துக்கு வந்தன. அவை திரும்பிப் போன வழியில் தானும் போக வேண்டும் என்பார். அந்தப் பயணத்தில் வடகிழக்குக் காற்று உண்மையிலேயே பின்தோளிலிருந்து, ஏறக்குறைய 140 பாகையில், நாள்கணக்காக வீசும். அதற்காகவே அவர் பாராசெய்லர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். ஸ்பின்னேக்கரின் குறுக்கே ஒரு திறப்பும் அதில் காற்றால் உப்பும் ஓர் இறக்கையும் வைத்த ஜெர்மன் பாய் அது. திடீர்க் காற்று திறப்பின் வழியே கொஞ்சம் வடிந்துவிடும். இறக்கை முனையைத் தூக்கும். கழி இல்லாமலும் பறக்கும். விலையைக் கேட்டால், அதே பணத்தில் நல்ல பழைய கார் வாங்கலாம்.

பாராசெய்லர் நல்ல பாய்தான், அதில் சண்டையில்லை. ஆனால் காலிக்குப் போவதற்கு இன்னும் மலிவான வழி நம் கையிலேயே இருக்கிறது. இருக்கிற ஜெனோவாவை, இருக்கிற ஸ்பின்னேக்கர் கழியால், காற்றுப் பக்கமாக வெளியே தள்ளிவிட்டு, பெரிய பாயை மறுபக்கம் விரித்துக் கயிற்றால் கட்டி வைத்தால் படகு இரண்டு சிறகோடு ஓடும். காற்று கூடினால் சுருட்டும் கயிற்றை இழுத்து ஜெனோவாவை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம், கழி இருந்த இடத்திலேயே நிற்கும். இரவில் ஒருவர் மட்டும் விழித்திருந்தால் போதும். கடல் தாண்டியவர்களிடம் பேசினால், பாதி வழி இப்படித்தான் ஓடினோம் என்பார்கள். வேகம் கொஞ்சம் குறையும், படகு உருளும், சாம்பார் சிந்தும். அதற்காக ஒரு கார் விலை கொடுக்க முடியாது.

இனி, நான் ஏசிமெட்ரிக் என்று அடம்பிடிக்கும் உண்மையான காரணம். எந்தப் பாய் வேகமாக ஓடும் என்று பேசுகிறவர்கள், எந்தப் பாய் வேகமாக இறங்கும் என்று பேசுவதில்லை. மலாக்கா நீரிணையில் இரண்டு விஷயங்கள் அதைப் பேசவைக்கும்.

முதலாவது வலை. மிதவைகளும் கொடிக்கம்புமாக எங்கே பார்த்தாலும் வலை கிடக்கும். பெரிய ஸ்பின்னேக்கர் ஏறியிருக்கும்போது சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் பாதிக் கடல் மறைந்துவிடும். நான் முனையில் படுத்துக்கொண்டு பாயின் அடிவிளிம்புக்குக் கீழே பார்த்துக் கத்துவேன். “அக்கா, வலப்பக்கம் கொடி!” அவள் திருப்புவாள். திருப்பினால் காற்றுக் கோணம் மாறும். சமச்சீர்ப் பாயில் கழியையும் கூடவே நகர்த்தினால்தான் அது உயிரோடு இருக்கும். ஏசிமெட்ரிக்கில் கயிற்றை மட்டும் இழுத்தோ விட்டோ சமாளிக்கலாம்.

இரண்டாவது, ‘சுமாத்ரா’ என்றே பெயர்பெற்ற திடீர்ப் புயற்காற்று. தென்மேற்குப் பருவத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும், ஏப்ரலிலிருந்து, இரவில் சுமாத்ரா பக்கம் திரளும் இடிமேகங்கள் வரிசைகட்டி நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் இந்தக் கரையைத் தாக்கும். மேற்கே கருத்த சுருள்மேகம், அதன் கீழே வெள்ளை மழை, அதற்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று. அந்தச் சில்லிப்பு வந்த பிறகு யோசிக்க நேரமில்லை. 8 நாட் காற்று 24 ஆனால் வேகம் மூன்று மடங்கு. பாயின் மீது அழுத்தம் ஒன்பது மடங்கு. எங்கள் ஸ்பின்னேக்கர் ஏறக்குறைய 90 சதுர மீட்டர், ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் பரப்பு. அதை மூன்று பேர் கையால் அள்ளி உள்ளே திணிக்க வேண்டும்.

இதற்குத்தான் உறை. பாயின் முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய துணிக்குழாய். அடியில் மணியின் வாய்போல விரிந்த கண்ணாடியிழை வளையம். ஏற்றும்போது பாய் குழாய்க்குள் சுருண்டிருக்கும். கயிற்றை இழுத்தால் வளையம் மேலே ஏறி பாய் விரியும். இறக்க, கீழ்க் கயிற்றைத் தளர்த்திப் பாயைப் பெரிய பாயின் நிழலுக்குள் விட்டுவிட்டு, மறுகயிற்றை இழுக்க வேண்டும். வளையம் கீழே இறங்கி, உப்பி நிற்கும் துணியை விழுங்கிக்கொண்டே வரும். தோள் வரைக்கும் எளிது. வயிற்றுப் பகுதிக்கு வரும்போது உடம்பு எடை முழுவதையும் கயிற்றில் போட்டுத் தொங்க வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் கடைசிப் பகுதி தானாக ஓடிவரும். நிழலுக்குள் விடாமல் இழுத்தால் மனிதனைத்தான் பாய் மேலே தூக்கும். சமச்சீர்ப் பாய்க்கும் உறை போடலாம். ஆனால் கழியும் அதன் கயிறுகளும் அங்கேயே இருக்கும்.

உறை பிடிக்காதவர்கள் மேலிருந்து கீழாகச் சுருட்டும் உருளையை வாங்குகிறார்கள். அழகாக வேலை செய்யும்போது அழகுதான். சுருள் நடுவில் தளர்ந்துவிட்டால், பலத்த காற்றில் பாதி விரிந்த பாயை உச்சியில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். விலையும் உறையைப்போல மடங்குக்கணக்கில். எங்களுக்கு வேண்டாம்.

நேர் பின்காற்று இங்கே அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கால்வாய் வடக்கு தெற்காக ஓடுகிறது. வடகாற்றில் ஜார்ஜ் டவுனிலிருந்து ஜெரெஜாக் தீவுப் பக்கம் இறங்கினால், காற்று பின்னால்தான். 1985இல் திறந்த முதல் பாலத்துக்கு அடியில் 33 மீட்டர் இடைவெளி. எங்கள் மரத்தின் உயரம் அதில் பாதி. இருந்தும் கீழே போகும் கணத்தில் உச்சி இடிக்கப்போவதாகவே கண்ணுக்குத் தெரியும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் இந்தக் கால்வாயில் பாயோடு விளையாடுவதை அக்கா அனுமதிப்பதில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது ஒரு காரணம். பூசம் பௌர்ணமியோடு வருவதால் ஏற்றவற்றம் அப்போது உச்சத்தில் இருக்கும், பாலத் தூண்களுக்கிடையில் நீரோட்டம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்பது மற்றக் காரணம். நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளினால் பாய்க்குக் கிடைக்கும் காற்று இன்னும் குறையும். படகுக்குத் திருப்பம் கேட்காது.

கடைசியில் அத்தான் இறங்கி வந்தார். “சரி மச்சான், நீயே அதைக் கட்டி அழு” என்றார். சம்மதம்தான். பாய் தைப்பவர்களின் குறியீட்டில் ஒற்றைப்படை எண் பக்கக்காற்றுக்கு, இரட்டைப்படை பின்காற்றுக்கு: ஏ1, ஏ3 ஒரு வகை, ஏ2, ஏ4 இன்னொரு வகை. நான் மெல்லிய முக்கால் அவுன்ஸ் நைலானில், பக்கக்காற்றுக்கான ஒற்றைப்படைப் பாய் கேட்கிறேன். அத்தான் காலியை நினைத்துக்கொண்டு ஏ2 என்கிறார். ஏ2 காற்றுக்கு ஆழமாகப் போகும், தோள் அகலம், லங்காவிக் கோணத்தில் படகைச் சாய்த்துத் தள்ளும். இதில் இன்னும் முடிவில்லை. நிறத்தில் மட்டும் உடன்பாடு: ஒரே நிறம், சாயம் கசிந்தாலும் தெரியக் கூடாது. வெயிலில் நைலான் மக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த இடம் வேண்டும். எங்கள் குடியிருப்பின் பூப்பந்து அரங்கைப் பகலில் ஒரு மணிநேரம் தரச் சொல்லியிருக்கிறோம்.

பாய்க்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முனையில் கொம்பு இல்லை. நங்கூர உருளையிலேயே கட்டிவிடலாம் என்று அத்தான் நினைத்தார். அந்த உருளை கீழ்நோக்கிய இழுப்பைத் தாங்கச் செய்தது. இந்தப் பாய் மேல்நோக்கி இழுக்கும். போதாததற்கு முன்கம்பிக்கு மிக அருகில் இருப்பதால் ஜெனோவாவின் சுருளில் துணி உரசும். ஆகவே அறுபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் கொம்பு, அதன் நுனியிலிருந்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் முகப்பில் வந்து பூட்டும் ஒரு கம்பி. பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் படம் வரைந்து கொடுத்தாயிற்று. அந்தக் கம்பியைப் பூட்ட முகப்பில் துளை போட வேண்டும் என்பதை அக்காவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.